இரண்டு ஆண்டுகளில் ஒரு புரதம் தன் உருவத்தைக் காட்டிவிடாது: ஆய்வு நல்கை வழங்கும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு நல்கை வழங்கும் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும் தேர்வுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் புரதங்கள் எத்தகைய உருவம் கொண்டவை, அந்த உருவத்தைக் கொண்டு அவை மனித உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதை ஆராயும் கட்டமைப்பு உயிரியல் துறையில், முனைவர் பட்டம் பெற்ற பிறகு ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஆய்வுக்கூடங்களில் இப்பணியைப் போஸ்ட்டாக் என்றே சொல்கிறோம் என்பதால் இம்மடலிலும் அந்தச் சொல்லையே எழுதுகிறேன். உங்கள் முன் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். இத்துறையின் போஸ்ட்டாக் நல்கைகளுக்கு உங்களில் பலர் வகுத்திருக்கும் இரண்டு ஆண்டு என்ற கால அளவு, செய்ய வேண்டிய வேலையின் இயல்போடு பொருந்தவில்லை, அதை மாற்றுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி நல்கைகளில் ஐரோப்பாவுக்குள் செய்யும் ஆய்வுக்குக் கிடைப்பது 12 முதல் 24 மாதங்கள். ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் நல்கையும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். மனித எல்லை அறிவியல் திட்டம் மூன்று ஆண்டுகள் தருகிறது. இவை பெருமைக்குரிய நல்கைகள்; இவற்றைப் பெற்றவர்கள் சிறந்த ஆய்வுகளைச் செய்திருக்கிறார்கள். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் எந்த ஆய்வுகள் கைவிடப்பட்டன, எந்தப் புரதங்களை யாருமே தொடத் துணியவில்லை என்பது உங்கள் ஆண்டறிக்கைகளில் இடம்பெறுவதில்லை. அதைச் சொல்லவே இம்மடல்.

முதலில் இந்த ஆய்வு எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாக்டீரியா நம் உடலில் நோயை உண்டாக்க வேண்டுமானால் அது செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள வேண்டும், நச்சை உள்ளே செலுத்த வேண்டும், நோய் எதிர்ப்பு அமைப்பின் பார்வையிலிருந்து தப்ப வேண்டும், நாம் கொடுக்கும் மருந்தைச் சிதைக்கவோ வெளியே தள்ளவோ வேண்டும். இவை ஒவ்வொன்றையும் செய்வது ஒரு புரதம், அல்லது பல புரதங்கள் சேர்ந்த ஓர் இயந்திரம். அந்த இயந்திரத்தின் எந்தப் பள்ளத்தில் எந்த மருந்து பொருந்தும் என்பதை அறிய, அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்ணால் கண்டாக வேண்டும். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்தை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாத் தொற்றுகள் நேரடிக் காரணமாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று 2022-இல் லான்செட் இதழில் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. புதிய மருந்துக்கான தேவை எவ்வளவு அவசரமானது என்பதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அவசரத்துக்குக் கட்டமைப்பு உயிரியல் எப்படி உதவுகிறது என்பதற்கு 2024-இல் வெளிவந்த ஓர் எடுத்துக்காட்டு போதும். அசினெட்டோபாக்டர் பௌமானி என்னும் பாக்டீரியா மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆட்டிப்படைப்பது. தன் வெளிச்சவ்வைக் கட்டுவதற்கு அது லிப்போபாலிசாக்கரைடு என்னும் மூலக்கூறை உள்ளிருந்து வெளியே கடத்துகிறது. ஜோசுராபால்பின் என்ற புதிய மருந்து அந்தக் கடத்தலை நடுவழியில் நிறுத்துகிறது. எப்படி என்பதை, மூலக்கூறுகளை உறைய வைத்து எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கி காட்டிக் கொடுத்தது. மருந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தைக் கடத்தும் புரதம் தனியாக உருவாக்குவதில்லை. கடத்தப்படும் லிப்போபாலிசாக்கரைடும் சேர்ந்தே அந்தப் பள்ளத்தை அமைக்கிறது. சரக்கும் வண்டியும் சேர்ந்த நிலையைப் பிடித்தால்தான் இது தெரியும். வெறும் புரதத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர் கண்ணில் பட்டிருக்காது.

இனி வேலைக்கு வருகிறேன். ஒரு பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் ஜீனை ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் புகுத்தி அதைக் கொண்டே புரதத்தைச் செய்ய வைக்க வேண்டும். பெரும்பாலும் முதல் முயற்சியில் அது செய்யாது. செய்தால் கட்டியாகத் திரண்டுவிடும், அல்லது அந்த ஈ. கோலையையே கொன்றுவிடும். ஆகவே புரதத்தின் முனைகளை வெட்டியும் நீட்டியும் பல வடிவங்களைச் செய்து பார்க்கிறோம். கிடைத்த புரதத்தைச் சவ்விலிருந்து பிரிக்க, சவ்வின் கொழுப்பைக் கரைக்கும் சோப்புப் போன்ற டிடர்ஜென்ட் வேண்டும். தவறான டிடர்ஜென்ட் புரதத்தின் உருவத்தைக் குலைத்துவிடும். எது சரியானது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பன்னிரண்டு லிட்டர் வளர்ப்புக் கரைசலிலிருந்து ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகப் புரதம் கிடைக்கும் நாட்கள் உண்டு. அதையும் குளிரறையில், நான்கு டிகிரியில், கம்பளி உடை போட்டுக்கொண்டு ஒரே நாளில் தூய்மை செய்து முடிக்க வேண்டும், ஏனென்றால் மறுநாள் காலைக்குள் அது கெட்டுவிடும். வடிகட்டும் தூணிலிருந்து புரதம் வெளிவரும்போது திரையில் ஒரு கோடு எழுந்து இறங்கும். அந்த முகடு சரியான இடத்தில் எழுந்தால் புரதம் நலமாக இருக்கிறது என்று பொருள். முன்னதாகவே எழுந்துவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்போய்விட்டது என்று பொருள். அன்றைய வேலையும் அதற்கு முந்தைய நான்கு நாள் வேலையும் கழிவுத்தொட்டிக்குப் போகும். அந்த முகடு சரியான இடத்துக்கு நகர்வதற்குள் ஓர் ஆண்டு கழிந்துவிடுவதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது படிகமாக்கலுக்கு முந்தைய நிலை. புரதத்தைப் படிகமாக்கி, அதில் ஊடுகதிரைச் செலுத்திச் சிதறும் புள்ளிகளைக் கொண்டு உருவம் காண்பதற்கான வேலை இனிமேல்தான் தொடங்குகிறது.

என் முதல் போஸ்ட்டாக் பணியை இங்கே சொல்வது என் குறையைத் தீர்த்துக்கொள்வதற்காக அல்ல. மாதங்கள் எங்கே போகின்றன என்பதைத் தேர்வுக்குழு ஒரு முறையாவது அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். நச்சுப்புரதத்தை வெளியே அனுப்பும் ஒரு வாயிற்புரதம் என் ஆய்வுப் பொருள். நல்கை 24 மாதங்கள். புதிய இடத்தில் சேர்ந்து, நோய்க்கிருமிகளைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, செயற்கை ஜீன்கள் வந்து சேர்வதற்கு மூன்று மாதங்கள் ஆயின. மொத்தம் 31 வடிவங்களைச் செய்தேன். பதினோராவது மாதத்தில் இருபத்தாறாவது வடிவம் முதன்முறையாக டிடர்ஜென்டில் நிலைத்து நின்றது. பதின்மூன்றாவது மாதத்தில் படிகங்கள் வந்தன.

அந்தப் படிகங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொரு குழியிலும் 200 நானோலிட்டர் அளவே உள்ள துளி. நுண்ணோக்கியின் கீழ் பெரும்பாலான துளிகள் தெளிவாகவோ பழுப்பாகக் குழம்பியோ இருக்கும். ஒரு துளியின் ஓரத்தில் மட்டும் ஊசிமுனை போன்ற ஒன்று ஒளியில் நிறம் மாறி மின்னியது. அதன் நீளம் 40 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. நைலான் வளையத்தால் அதை அள்ளி, துளி உலர்வதற்குள், −196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்த வேண்டும். கை ஒரு முறை நடுங்கினால் படிகம் விரிசல் விட்டுவிடும். வலிமையான ஊடுகதிர்களைத் தரும் சின்க்ரோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் இரவு இரண்டு மணிக்குத் தொடங்கியது. ஊடுகதிரைச் செலுத்தியதும் திரையில் மையத்தைச் சுற்றி ஏழெட்டுப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. பிரிதிறன், அதாவது பிரித்தறியக் கூடிய மிகச் சிறிய அளவு, 12 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; எண் குறையக் குறைய உருவம் தெளிவாகும்). அணுக்களைக் காண்பது இருக்கட்டும், புரதத்தின் மடிப்புகளைக் கூட அதில் காண முடியாது. உப்பின் அளவை மாற்றி, டிடர்ஜென்டை மாற்றி, புரதத்தின் தளர்ந்த வளையம் ஒன்றை வெட்டி எடுத்து மீண்டும் மீண்டும் படிகமாக்கினேன். பத்தொன்பதாவது மாதத்தில் 7 ஆங்ஸ்ட்ராம். இருபத்து மூன்றாவது மாதத்தில், எனக்கு மிஞ்சியிருந்த கடைசிக் கதிர்நேரத்தில், புள்ளிகள் திரையின் ஓரம் வரை நிறைந்தன: 3.6 ஆங்ஸ்ட்ராம். அதைப் பார்த்தபோது என்னோடு இருந்த மாணவி என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

பணிக்காலம் முடிய ஒரு சில வாரங்களே இருந்தன. நீட்டிப்புக்கு முன்பே விண்ணப்பித்திருந்தேன். நல்கைக் காலத்தில் ஆய்வுக்கட்டுரை எதுவும் வெளிவரவில்லை என்ற ஒரே காரணத்தைக் குறிப்பிட்டு மறுத்துவிட்டார்கள். வேறு ஊரில் வேறு பணியில் சேர்ந்து, மாலை நேரங்களில் அந்தத் தரவுகளைக் கொண்டு புரதத்தின் முதன்மைச் சங்கிலியை வரைந்தேன். வாயிலை அடைத்திருக்கும் பகுதியில் மட்டும் பக்கச்சங்கிலிகள் தெளிவாகவில்லை. அதற்கு இன்னும் நல்ல படிகங்கள் வேண்டும். அங்குள்ள அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, உயிருள்ள பாக்டீரியாவில் நச்சு வெளியேறுகிறதா என்று சோதிக்கவும் வேண்டும். பழைய ஆய்வுக்கூடத்துக்கு எழுதினேன். அங்கே ஆய்வுத் தலைப்பு மாறிவிட்டது. உறைபெட்டியைக் காலி செய்தபோது, என் கையெழுத்தில் எண்ணிட்ட அட்டைப்பெட்டியும், அந்த வடிவங்களின் ஜீன்களைச் சுமக்கும் டி.என்.ஏ வளையங்களான 31 பிளாஸ்மிட்களும் போய்விட்டன என்று வருத்தத்தோடு பதில் வந்தது. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. இடம் போதாத உறைபெட்டியில், ஆளில்லாத பெட்டியை யார்தான் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நான் தேறிக்கொள்ளலாம். ஆனால் அந்த 24 மாதங்களுக்கும் நிதி கொடுத்த நீங்கள் அப்படித் தேறிக்கொள்ளக் கூடாது.

இத்துறையின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள் என்றாலும், ஆண்டுகளை மட்டும் ஒரு முறை நினைவுபடுத்துகிறேன். டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தின் முதல் ஊடுகதிர்ப் படத்தை வெளியிட்டது 1935-இல். அதன் கட்டமைப்பை அவர் குழு கண்டறிந்தது 1969-இல். ரிச்சர்ட் ஹெண்டர்சன் பாக்டீரியோரோடாப்சின் என்ற சவ்வுப் புரதத்தின் முதல் மங்கலான முப்பரிமாண உருவத்தை மின்னணு நுண்ணோக்கியால் கண்டது 1975-இல். அணு அளவில் கண்டது 1990-இல். அடா யோனத், செல்லுக்குள் புரதங்களைச் செய்யும் இயந்திரமான ரைபோசோமைப் பாக்டீரியாவிலிருந்து எடுத்துப் படிகமாக்கத் தொடங்கிய 1980-களின் தொடக்கத்தில் அது நடக்காத காரியம் என்றே பலரும் கருதினார்கள். ரைபோசோமின் துணை அலகுகளின் அணுக் கட்டமைப்புகள் வெளிவந்தது 2000-இல். அவரோடு 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அமெரிக்காவில் இருந்த தம் ஆய்வுக்கூடத்தை விட்டு, நீண்டகால ஆய்வுகளுக்கு நிலையான நிதி தருவதில் பெயர்பெற்ற கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு 1999-இல் சென்று சேர்ந்தார். ஸ்ட்ரெப்டோமைசின், பாரோமோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் ரைபோசோமில் எங்கே எப்படி அமர்கின்றன என்பதை அவர் குழு 2000-இல் காட்டியது. இவர்கள் மேதைகள், இவர்களைப் பொதுவிதியாகக் கொள்ள முடியாது என்று நீங்கள் சொல்லலாம். அந்த ஆண்டுகள் கழிந்தது மேதைமை குறைவாக இருந்ததால் அல்ல. பொருள் அவ்வளவு கடினமானது. அந்த ஆய்வுகளில் படிகங்களோடு இரவு பகலாகப் போராடியவர்களில் பலர் போஸ்ட்டாக் ஆய்வாளர்கள்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

என்னை எல்லாவற்றையும் விட அதிகமாக உறுத்துவது வேறொன்று. கால அளவு ஆய்வை முடித்துவைப்பதோடு நிற்பதில்லை. எந்தப் புரதத்தை ஆராய்வது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. நல்கைக்கு விண்ணப்பம் எழுத உட்காரும் ஓர் இளம் ஆய்வாளர், எந்த இயந்திரம் நோய்க்கு அடிப்படை என்று முதலில் கேட்பதில்லை. பதினைந்து மாதத்தில் படிகமாகக் கூடியது எது என்று கேட்கிறார். ஆகவே முழு இயந்திரத்தை விட்டு நீரில் எளிதாகக் கரையும் ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறார். அல்லது ஏற்கெனவே கட்டமைப்பு தெரிந்த புரதத்தின் நெருங்கிய உறவுப் புரதத்தை எடுத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த இருவருக்கு நானே அப்படித்தான் சொன்னேன், அதைச் சொல்லும்போது உள்ளூர வேதனைப்பட்டேன்.

துண்டைப் பார்ப்பதற்கும் முழுமையைப் பார்ப்பதற்கும் உள்ள தொலைவை ஃபிம்ஹெச் என்ற புரதம் நன்றாக எடுத்துக்காட்டும். சிறுநீர்ப் பாதைத் தொற்றை உண்டாக்கும் ஈ. கோலை, தன் உடலிலிருந்து நீளும் மெல்லிய இழைகளின் நுனியில் இப்புரதத்தை வைத்திருக்கிறது. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையை அது பற்றிக்கொள்கிறது. சிறுநீர் பாய்ந்து இழுக்கும்போது பிடி தளர வேண்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இப்புரதத்தில் பிடி இறுகுகிறது. இழுவிசையால் அதன் இரு பகுதிகளும் விலகும்போது சர்க்கரையைப் பிடிக்கும் பள்ளம் மூடிக்கொள்வதே காரணம். துணைப்புரதம் ஒன்றோடு சேர்ந்த நிலையில் ஃபிம்ஹெச்சின் கட்டமைப்பு 1999-இல் வெளிவந்தது. அதில் தெரிந்தது ஒரு நிலை மட்டுமே. இழையின் நுனியில் தன் இயல்பான அண்டைப் புரதங்களோடு அது எப்படி இருக்கிறது என்பது 2010-இல்தான் தெரிந்தது. அப்போதுதான் தளர்ந்த பிடியின் உருவமும் கிடைத்தது. ஒரே புரதத்தின் இரண்டாவது முகத்தைக் காண 11 ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டாவது முகம் தெரிந்த பிறகே பிடி இறுகுவதன் காரணம் தெளிவானது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதைத் தேர்வுக்குழு உறுப்பினர் ஒருவரிடமிருந்தே நான் கேட்டிருக்கிறேன்: ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே, அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் சில நிமிடங்களில் உருவம் கிடைக்கிறதே, இன்னும் ஏன் ஆண்டுக்கணக்கில் காலம் வேண்டும்? நியாயமான கேள்வி. ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது தகுதியானதே. நானும் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறேன்; என் 3.6 ஆங்ஸ்ட்ராம் தரவுகளுக்குத் தொடக்க மாதிரியைத் தந்ததே அதுதான். ஆனால் அந்த மென்பொருள் எதைப் பார்த்துக் கற்றது? 1971-இல் ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கி 2023-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டிய புரதத் தரவு வங்கியைப் பார்த்துக் கற்றது. அந்த வங்கியின் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னாலும் குளிரறையில் நின்ற ஒருவர் இருக்கிறார். அந்த வங்கியில் அரிதாக உள்ளவை எவையோ, அவற்றில்தான் கணிப்பும் தடுமாறுகிறது. தொற்றுநோயில் நமக்கு வேண்டியவை பெரும்பாலும் அந்த அரிய வகையே.

நிமோனியாவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வெளியிடும் நிமோலைசின் என்ற நச்சுப்புரதத்தைப் பாருங்கள். அது முதலில் நீரில் கரைந்த தனித்தனி மூலக்கூறாக இருக்கிறது. மனித செல்லின் சவ்வைத் தொட்டதும் 40-க்கு மேற்பட்ட மூலக்கூறுகள் வளையமாகக் கூடி, தம் உடலில் சுருளாக இருந்த பகுதிகளை நீண்ட இழைகளாக விரித்துச் சவ்வைத் துளைக்கின்றன. ஒரே அமினோ அமில வரிசை, முற்றிலும் வேறான இரண்டு உருவங்கள். நோய் நிகழ்வது அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாற்றத்தில். நிலைத்து நிற்கும் ஓர் உருவத்தைக் கணிப்பது ஒரு வேலை. மாறும் உருவத்தை மாறும் நேரத்தில் உறைய வைத்துப் பிடிப்பது முற்றிலும் வேறு வேலை.

உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கி காலத்தைச் சுருக்கிவிட்டதா என்றால், படம் எடுக்கும் காலத்தைச் சுருக்கியிருக்கிறது. படிகம் தேவையில்லை என்பது பெரிய விடுதலை. ஆனால் படம் எடுக்கக் கொடுக்கும் புரதம் அதே குளிரறையிலிருந்துதான் வர வேண்டும். அது கிரிட் எனப்படும் சிறு உலோக வலையின் மேல் மெல்லிய பனிப்படலத்தில் சிதையாமல், ஒரே பக்கம் சாய்ந்து கிடக்காமல் அமைவதற்கு மீண்டும் மாதங்கள் ஆகின்றன.

இன்னொரு செய்தியையும் தேர்வுக்குழுவினர் கணக்கில் எடுப்பதில்லை. உருவம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தைக் கொண்டே இன்றும் உலகெங்கும் ஒவ்வொரு புதிய கட்டமைப்பையும் சரிபார்க்கிறோம். சங்கிலியின் எந்தத் திருப்பம் இயற்கையில் கூடும், எது கூடாது என்பதை அது சொல்லிவிடும். அந்தச் சோதனையில் தேறிய பிறகு உயிரியல் சோதனை காத்திருக்கிறது. இந்த அமினோ அமிலம்தான் ஏற்பியைப் பிடிக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொன்னால் போதாது; அதை மாற்றிய பாக்டீரியா செல்லைத் தொற்றும் திறனை இழக்கிறது என்று காட்ட வேண்டும். இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் அதைக் கேட்பது சரியே. ஆனால் அவர்கள் கேட்கும் நேரத்தில் ஆய்வாளரின் பணிக்காலம் முடிந்திருக்கும். அவர் ஊதியமில்லாமலோ வேறொரு வேலைக்கு நடுவிலோ அதைச் செய்துகொண்டிருப்பார். தொடக்க ஏற்பாடுகளில் போகும் மூன்று மாதங்களையும், இரண்டாம் ஆண்டின் பின்பாதி அடுத்த வேலைக்கு விண்ணப்பங்கள் எழுதுவதில் கரைவதையும் கழித்தால், 24 மாத நல்கையில் ஆற அமர ஆய்வு செய்யக் கிடைப்பது சுமார் 15 மாதங்கள்.

பணம் அளவானது, ஒருவருக்கு நான்கு ஆண்டு கொடுத்தால் இருவருக்கு இரண்டிரண்டு ஆண்டு கொடுக்க முடியாது என்பது உங்கள் பக்கத்து வாதமாக இருக்கும். உண்மைதான். நீண்ட நல்கைகள் என்றால் எண்ணிக்கை குறையும். அப்படிக் குறைந்திருந்தால் என் முதல் நல்கையே எனக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். அதை உணர்ந்தே எழுதுகிறேன். ஆனால் முடிவதற்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தப்பட்ட ஆய்வு பாதி விலைக்குக் கிடைத்த ஆய்வு ஆகாது. அதற்குச் செலவழித்த முழுத் தொகையும், அதில் கழிந்த ஒரு மனிதரின் இரண்டு ஆண்டுகளும் இழப்பே. அதே புரதத்தை இன்னொரு நாட்டில் இன்னொருவர் முதல் வடிவத்திலிருந்து தொடங்கி அதே 25 தவறுகளையும் மீண்டும் செய்வார் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆகவே நான் கேட்பது இது. இத்துறையின் போஸ்ட்டாக் நல்கையை முதலில் மூன்று ஆண்டுகளுக்கு வழங்குங்கள். தேவைப்பட்டால் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கும் வாய்ப்பை அந்த விதியிலேயே வையுங்கள். நீட்டிப்பைக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-இல் வெளியானது. இதழின் பெயரையும் அதன் தாக்க எண்ணையும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று உங்களில் பலர் அதில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அதே மனத்தோடு ஆய்வு மேசையில் உள்ள சான்றுகளைப் பாருங்கள். முகடு சரியான இடத்துக்கு வந்துவிட்டதா, படிகம் 12 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 7-க்கு முன்னேறியிருக்கிறதா, கிரிட்டில் துகள்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று கேளுங்கள். இவற்றைப் படித்து உணரத் தன் கையால் ஒரு சவ்வுப் புரதத்தைத் தூய்மை செய்தவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். இருபதாவது மாதத்தில் என் ஆய்வை அப்படி ஒருவர் பார்த்திருந்தால், அது எந்தத் திசையில் போகிறது என்பதை அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பார்.

மகப்பேறு, நோய், பெற்றோர் பராமரிப்பு ஆகியவற்றுக்கான விடுப்பைக் காலக்கணக்கிலிருந்து கழிப்பதைப் பற்றி நான் வாதாட வேண்டியதில்லை; உங்களில் சிலர் அதை ஏற்கெனவே செய்கிறீர்கள், மற்றவர்களும் செய்யுங்கள்.

இன்னும் ஒன்றை வற்புறுத்திக் கேட்கிறேன். நல்கை எப்போது முடிந்தாலும் அதன் இறுதியில் மூன்று மாதங்களை ஒப்படைப்புக்கென்றே ஒதுக்குங்கள். செய்த பிளாஸ்மிட்கள் அனைத்தும் பொதுச் சேமிப்பகம் ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த வடிவம் கட்டிப்போயிற்று, எந்த டிடர்ஜென்ட் உருவத்தைக் குலைத்தது, எந்தப் படிகம் எவ்வளவு தூரம் போயிற்று என்ற தோல்விப் பதிவும் எவரும் தேடிப் படிக்கும் வகையில் வெளியாக வேண்டும். அந்தப் பதிவை ஆய்வின் பயனாக எண்ணி மதிப்பெண் கொடுங்கள். வெளியாகும் கட்டமைப்புகளுக்குப் புரதத் தரவு வங்கி இருக்கிறது. வெளியாகாமல் போன 30 வடிவங்களுக்கு உறைபெட்டியின் ஒரு மூலையைத் தவிர வேறு வீடு இல்லை.

என் பங்குக்கு நான் செய்யக் கூடியதைச் செய்துவிட்டே இம்மடலை எழுதுகிறேன். அந்த ஆய்வின் நான்கு குறிப்பேடுகளையும், அப்போதைய ஆய்வுக்கூடத் தலைவரின் இசைவோடு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறேன். 31 வடிவங்களின் ஜீன் வரிசைகளும் அவற்றில் உள்ளன. பிளாஸ்மிட்கள் அழிந்தாலும் வரிசையைக் கொண்டு புதிதாகச் செய்துகொள்ளலாம். வாயிற்புரதங்களை ஆராய்பவர் எவராக இருந்தாலும், உங்கள் நல்கை பெற்றவரோ பெறாதவரோ, கேட்டால் அனுப்பிவைப்பேன். நான்காம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், 7 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 3.6-க்குக் கொண்டுபோன துளியின் அளவுகள் எழுதப்பட்டிருக்கின்றன: இருபத்தாறாவது வடிவம், தளர்ந்த வளையம் நீக்கியது, பி.எச். 6.5, நான்கு டிகிரி, தட்டை ஒன்பது நாட்கள் அசைக்கக் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர் தம் பத்தொன்பதாவது மாதத்தை முதல் மாதத்திலேயே தாண்டியிருப்பார்.

பணிவன்புடன்,
போஸ்ட்டாக் ஆய்வாளர் ஒருவர்,
கட்டமைப்பு உயிரியல்